மாப்பிள்ளை வந்த வண்டியின் பிளக்

கும்மிடிப்பூண்டி,
ஆவணி மாதம், வியாழக்கிழமை.

திருநின்றவூரில் குடியிருக்கும் என் அன்புத் தம்பி துளசிராமனுக்கு, உன் கூடப்பிறந்த அக்கா ஈஸ்வரி ஆயிரம் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. உன் முழங்கால் வலி இறங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். உன் பெண்சாதி நர்மதாவின் சர்க்கரையும் இறங்கியிருக்க வேண்டும். இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், ஒருவரோடு ஒருவர் பேசுவதுதான் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு ஒருவரும் நான் அங்கே இல்லை, என் காதில் விழவில்லை என்று சொல்லக் கூடாது. ஒன்று, நான். இரண்டு, என் மகன் தணிகைவேல். மூன்று, அவன் பெண்சாதி சந்திரகலா. நான்கு, பேத்தி நந்தினி, பச்சைப் புடவையில். இது நம் பக்கம். பெண் பார்க்க வந்தவர்கள் மூன்று பேர். காக்களூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிற பையன் பார்த்திபன், அவனைப் பெற்ற ரத்னா, ரத்னாவின் தம்பி சசிகுமார். ஆக ஏழு பேர். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவன் நீ ஒருவன். அதற்காக உன்னைக் குறை சொல்லவில்லை, முழங்கால் வலித்தால் நீதான் என்ன செய்வாய். நல்ல இடம் என்று இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவனும் நீதான். அதற்கும் உன் மேல் எனக்குக் கோபம் கிடையாது. கோபமெல்லாம் மற்ற ஆறு பேர் மேல். அதை வரிசையாகச் சொல்கிறேன். போனில் சொன்னால் காற்றோடு போய்விடும், எழுதினால் நிற்கும்.

விஷயம் இதுதான். பார்த்திபன் நமக்கு வேண்டாம். கொண்டுவந்த நீயே அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பக்குவமாகச் சொல்லித் திருப்பிவிட வேண்டும். நந்தினி இவனைத்தான் கட்டுவேன் என்கிறாள். இதுவரை வந்தவர்களில் அவள் வாயைத் திறந்து சரி என்று சொன்னது இவன் ஒருவனுக்குத்தான், அதுவும் எனக்குத் தெரியும். நாலு நாளாக என்னோடு பேசவில்லை. என் காபியை டம்ளரில் ஊற்றி ஜன்னலில் வைத்துவிட்டுப் போகிறாள். அவள் அழுதாலும் பரவாயில்லை, அவன் வந்த வண்டியின் பிளக்கைப் பார்த்த பிறகு நான் எப்படிச் சம்மதிப்பேன்?

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். ஆனால் பிளக் படிக்க எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உன் மாமா பச்சையப்பன் இருந்த காலத்தில் நம் கழனிக் கிணற்றில் மண்ணெண்ணெய் இன்ஜின் ஓடியதே, பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோமே, அதன் பிளக் இரண்டு நாளைக்கு ஒரு தரம் கரி பிடித்து நின்றுவிடும். உன் மாமா சந்தைக்குப் போனேன், கோர்ட்டுக்குப் போனேன் என்று ஊர் சுற்றுவார். நாற்று காயும். நான்தான் வரப்பில் உட்கார்ந்து கழற்றி, உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்து மாட்டுவேன். பிளக் என்பது இன்ஜினுக்குள் மூக்கை நீட்டி உட்கார்ந்திருக்கிற சாமான். உள்ளே நடப்பதெல்லாம் அதன் மூக்கில் பூசியிருக்கும். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் இன்ஜின் நல்ல சுகம், திரும்ப மாட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். விரலில் மை மாதிரி உதிர்கிற காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, காற்று போதவில்லை, ஏர் பில்டரைத் தட்டினால் சரியாகும். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் உள்ளே சூடு தாங்காமல் வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கருப்பாகவும் இருந்து, வடை சுட்ட சட்டியின் அடி மாதிரி ஈரமாக மினுமினுத்தால், அதுதான் மோசம். இன்ஜின் ஆயில் மேலே ஏறி எரிகிறது, உள்ளே பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங் தேய்ந்துபோய்விட்டது. மனுஷன் பொய் சொல்வான், மெக்கானிக் இன்னும் அதிகமாகச் சொல்வான், பிளக்குக்கு அந்தப் பழக்கமே இல்லை.

என் பிஸ்கட் டப்பாவில் இப்போது பதினோரு பழைய பிளக் இருக்கிறது. ஒவ்வொன்றும் யார் செய்த வேலை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஒன்று பக்கத்துக் கழனிக்காரன் அன்புராஜ் செய்தது. நம் மருந்தடிக்கிற மெஷினை அரை நாளுக்கு என்று வாங்கிப் போனான், தை மாதம், செவ்வாய்க்கிழமை, கையில் ஒரு பூசணிக்காயும் கொண்டுவந்தான். திருப்பிக் கொடுக்கும்போது "ஒண்ணுமே பண்லக்கா, அப்பிடியே கீது" என்றான். கழற்றிப் பார்த்தால் பிளக் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது, மேலே வெள்ளிப் பொட்டு மாதிரி துளித்துளியாக ஒட்டியிருக்கிறது. பெட்ரோலில் ஆயில் கலக்காமல் ஓட்டி பிஸ்டனை உருக்கியிருக்கிறான்! பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. அவன் மகள் காதுகுத்துக்குப் போனேன், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன், மொய் எழுதினேன், அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த மாதிரிதான் நந்தினியைப் பார்க்க வருகிறவர்கள் வண்டியையும் நான் பார்ப்பது. இதில் ஒளிவு மறைவு இல்லை, ஊருக்கே தெரியும். முதலில் வந்த பையன் வாடகைக் காரில் வந்தான், டிரைவர் பானெட்டைத் திறக்க விடவில்லை, அப்போதே சந்தேகப்பட்டேன். இரண்டாவது பையன் பேட்டரி ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். சுற்றிச் சுற்றிப் பார்க்கிறேன், இன்ஜினும் இல்லை பிளக்கும் இல்லை. அப்படிப்பட்ட ஆளைப் பற்றி எதை வைத்து என்ன சொல்வது? மூன்றாவது பையன் வண்டியின் பிளக் தங்கம், தம்பி. நல்ல பாலில் போட்ட டீ. இவன்தான் என்று நான் நினைத்தால், நந்தினி "அவரு வந்ததுல இருந்து போன நோண்டிக்கினே குந்தினு இருந்தாரு ஆயா, எம் மூஞ்சியவே பாக்கல" என்று தள்ளிவிட்டாள். எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சனிக்கிழமையே தணிகைவேல் என் பிளக் ஸ்பேனரை எடுத்து அரிசி டிரம்முக்குள் ஒளித்துவிட்டான். "யம்மா, நாளிக்கு ஒரு நாளு மட்டும் கம்முனு குந்து. வண்டியாண்ட போவாத. பொண்ணு வாழ்க்கை" என்றான். நான் சரி என்று தலையை ஆட்டினேன். என்னிடம் இரண்டு ஸ்பேனர் இருப்பது அவனுக்குத் தெரியாது. பெற்ற தாயின் சாமானை அரிசிக்குள் போட்ட மகனை எந்தக் கணக்கில் சேர்ப்பது, நீயே சொல்.

பத்தரை மணிக்கு ரத்னாவும் சசிகுமாரும் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பின்னாலேயே பைக்கில் பையன். தெரு முனை திரும்பும்போதே சந்திரகலா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள், கொசு மருந்து அடிக்கிற வண்டி வருகிறது என்று நினைத்தாளாம். நீலப் புகை! எதிர்வீட்டுக் கொடியில் காய்கிற துணி கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை, வாங்க வாங்க என்று சிரித்தேன், அதை எல்லோரும் பார்த்தார்கள்.

பையன் உள்ளே வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். கேசரியும் பஜ்ஜியும் வந்தது. நந்தினி வந்து உட்கார்ந்தாள். இவள் தேர்வாய் கண்டிகை கம்பெனியில் சாமானை அளந்து பார்த்துத் தள்ளுகிற வேலை செய்கிறாளே, அவன் லேத்தில் அந்த மாதிரி சாமான் கடைகிறவன், இரண்டு பேரும் மைக்ரான் மைக்ரான் என்று ஆரம்பித்துவிட்டார்கள். "நீங்க தான் எங்க பீஸ ரிஜெக்ட் பண்றதா?" என்று அவன் கேட்கிறான், "நீங்க ஒழுங்கா பண்ணா நா ஏன் பண்றேன்" என்று இவள் சொல்கிறாள். ரத்னா சிரிக்கிறாள். சந்திரகலா அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள், ஆனந்தமாம். இதுதான் சமயம் என்று நான் பின்கட்டு வழியாக வாசலுக்கு வந்தேன். சூட்டோடு திருகினால் மரை போய்விடும், அதனால் ஒரு டம்ளர் காபி குடிக்கிற நேரம் ஆறவிட்டேன். ஒயரைப் பிடுங்கினேன், ஸ்பேனரைப் போட்டேன், நாலு சுற்று, கையில் வந்துவிட்டது.

தம்பி, என் வயதில் அப்படி ஒரு பிளக்கை நான் பார்த்ததில்லை. ஈரம். கருப்பு. வெயிலில் பிடித்தால் பளபளக்கிறது. முந்தானையில் துடைத்தால் எண்ணெய்த் தீற்றல், சோப்புப் போட்டும் இன்னும் போகவில்லை. சும்மா இருக்க முடியுமா? நேரே கூடத்துக்குப் போனேன். அவர்கள் கொண்டுவந்த தாம்பாளம் நடுவில் இருந்தது. மல்லிகைப்பூவைக் கொஞ்சம் ஒதுக்கி, வெற்றிலை மேல் அந்தப் பிளக்கை வைத்தேன்.

முதலில் சசிகுமார்தான் கேட்டான்.

"இன்னா ஆயா இது?"

"உங்க பையன் வண்டி பிளக்கு. நீயே பாரு, எந்த லச்சணத்துல கீதுன்னு."

"நாங்க பொண்ணு பாக்க வந்துகீறோமா, இல்ல வண்டிய சர்வீசுக்கு உட்டுகீறோமா?"

"ரிங்கு தேஞ்சி ஆயில் எரியுது. ஒரு நாள்ல ஆவுற வேல இல்ல இது. வருஷக்கணக்கா கண்டுக்காம உட்டாதான் இப்பிடி ஆவும்."

ரத்னாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏம்மா, அவுங்கவுங்க ஜாதகம் பாப்பாங்க, சொந்தம் விசாரிப்பாங்க, நீங்க இன்னாத்த பாக்குறீங்க?"

"ஜாதகம் ஜோசியரு எழுதனது. இத்த யாரும் எழுதல" என்றேன். "வண்டிக்கு ஆயில் ஊத்திப் பாக்காதவன், பொண்டாட்டிக்கு ஜொரம் வந்தா நெத்தியத் தொட்டுப் பாப்பானா?" என்றும் கேட்டேன். இது கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

ரத்னா எழுந்து "அது அவன் வ..." என்று ஏதோ சொல்ல வந்தாள். பார்த்திபன் அவள் கையைப் பிடித்து, "யம்மா, உடு" என்றான். பெற்றவளைப் பேசவிடாமல் அடக்குகிறான் பார், இதையும் குறித்துக்கொள். நந்தினி குறுக்கே வந்தாள். "ஆயா, கவரப்பேட்டை ரயில்வே கேட்டுல இருவது நிமிஷம் ஸ்லோல நின்னுக்கினு இருந்திருப்பாரு. அப்ப பிளக்கு கருப்பாதான ஆவும்?" எனக்கே பாடம்! நான் விடவில்லை. "காஞ்ச கருப்பு வேற, ஈரக் கருப்பு வேறடி. நின்னுக்கினு இருந்தா கரி புடிக்கும், எண்ண வழியாது. வேணும்னா தொட்டு மோந்து பாரு" என்று அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன். பிறகு பையனையே கேட்டேன்.

"எத்தினி மாசமாப்பா பொக வருது?"

"தெரியல ஆயா."

"உன் வண்டில பொக வர்றது உனக்கே தெரியலயா?"

அவன் தரையைப் பார்த்தான். "ரிங்கு போய்ட்ச்சி ஆயா. நீங்க சொல்றது கரெக்டு தான்" என்றான். அவ்வளவுதான். ஒரு சமாதானம் இல்லை, ஒரு சாக்கு இல்லை. தெரிந்தே விட்டிருக்கிறான் என்றுதானே அர்த்தம்?

ரத்னா தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நல்லதாகப் போயிற்று என்று இருந்தேன். அங்கேதான் பேஜாரு ஆரம்பித்தது. பார்த்திபன் வண்டியருகே போய் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்து, "ஆயா, பிளக்கு" என்றான். பிளக்கை அதற்குள் நான் முந்தானையில் முடிந்துவிட்டேன். அது சாட்சி. உனக்குக் காட்டாமல் அதை எப்படிக் கொடுப்பேன்? கொடுக்க மாட்டேன் என்றேன். தணிகைவேல் கையெடுத்துக் கும்பிட்டான். அதற்கும் அசையவில்லை. ஆனால் நான் நியாயம் இல்லாதவள் அல்ல, அதனால் டப்பாவைக் கொண்டுவந்து, இதில் எது வேண்டுமோ எடுத்து மாட்டிக்கொண்டு போ என்றேன். அவன் ஒன்றை எடுத்து நகத்தால் அளந்து பார்த்துவிட்டு, "இது மரை நீளம் ஜாஸ்தி ஆயா. மாட்னா உள்ள பிஸ்டன்ல போய் முட்டும்" என்று திருப்பி வைத்தான். பதினொன்றையும் அப்படியே பார்த்தான். ஒன்றும் சேரவில்லை. ஐம்பது வருஷமாகப் பிளக் பார்க்கிற என்னிடம், என் வாசலில், என் டப்பாவை வைத்துக்கொண்டு! அவன் சொன்னது சரி. அதனால்தான் கோபம் அதிகமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் பஸ் ரோட்டு மெக்கானிக் கடை நாலு மணிக்குத்தான் திறப்பான். மகனை விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்று ரத்னா வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள், எங்கள் பக்கம் முதுகு. சசிகுமார் அவள் பக்கத்தில். மணி பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. இவர்கள் போனதும் நாம் சாப்பிடலாம் என்று சந்திரகலா பழவேற்காட்டிலிருந்து காலையில் வந்த எறாவைத் தொக்கு வைத்து மூடியிருந்தாள். அவளுக்கு என்ன அவசரமோ, ஒன்றேகாலுக்கு அதைச் சூடு பண்ணினாள். வாசனை வாசலுக்குப் போயிற்று. முதலில் சசிகுமார் திரும்பினான். பிறகு ரத்னாவின் நாற்காலி திரும்பியது. வீட்டு வாசலில் மனுஷர்கள் பசியோடு இருக்கும்போது கூப்பிடாமல் சாப்பிடுகிற குடும்பமா நாம்? "பேச்சு வேற, சோறு வேற. வந்து குந்துங்க" என்று நான்தான் கூப்பிட்டேன். ஐயோ, என் வாயை எதால் தைப்பது!

சம்பந்தம் முடிவாகிற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது உனக்குத் தெரியாததா? பஜ்ஜி, கேசரி, காபி கணக்கில் வராது. இலை போட்டுச் சோறு சாப்பிட்டால் முடிந்தது, பேச்சு மாறக் கூடாது. அது எனக்கு அந்த நிமிஷத்தில் ஞாபகம் வரவில்லை, தம்பி. எனக்கு! உன் கல்யாணத்தில் எந்த இலைக்கு அப்பளம் வரவில்லை என்று இன்றைக்குச் சொல்கிற எனக்கு! சசிகுமார் மூன்று தடவை சோறு வாங்கினான். ரத்னா "கொஞ்சூண்டு போதும்" என்று ஆரம்பித்து, தொக்குச் சட்டியை வழித்த பிறகுதான் எழுந்தாள். பையன் இலையில் ஒரு பருக்கை மீதம் வைக்கவில்லை, இலையை அவனே எடுத்தான், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கையைக் கழுவிக்கொண்டே ரத்னா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்போ ஆயா, உங்க ஊட்ல கை நனச்சாச்சி. நீங்களே கூப்ட்டுப் போட்டீங்க. இனிமே உங்க வாயால வேணாம்னு சொல்லக் கூடாது."

தணிகைவேல் சுவரைப் பார்த்துக்கொண்டு சிரித்தான். சந்திரகலா சட்டியைத் தேய்க்கிறேன் என்று உள்ளே ஓடினாள். நான் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பிளக்கைக் கொடுத்துவிட்டேன். அவன் அதை உப்புக்காகிதத்தில் பதமாகத் தேய்த்தான். இடைவெளி பார்க்க அளவுத் தகடு இல்லையே என்று சுற்றுமுற்றும் பார்த்தான். நந்தினி என்ன செய்தாள் தெரியுமா? அவள் கம்பெனி ஐடி கார்டைக் கழுத்துக் கயிற்றோடு கொண்டுவந்து நீட்டினாள். "இது கனம் சரியா இருக்கும், நா அளந்து பாத்துகீறேன்" என்கிறாள். அந்த அட்டையைப் பிளக்கின் வாயில் விட்டு, மெல்லத் தட்டி, இழுத்துப் பார்த்து, மறுபடி தட்டி, இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு அரை மணி நேரம். ஒரு பிளக்குக்கு அரை மணி நேரமா? நான் இரண்டு நிமிஷத்தில் முடிப்பேன்.

வண்டி கிளம்பிற்று, மறுபடி நீலப் புகை, போய்விட்டார்கள். நந்தினியின் ஐடி கார்டும் அவன் சட்டைப் பையிலேயே போய்விட்டது. திங்கள் காலை அட்டை இல்லாமல் கம்பெனி கேட்டில் இவளை உள்ளே விடவில்லை. ஷிப்டு பிடிக்க ஆறு மணிக்குள் போக வேண்டும். அவன் காக்களூரிலிருந்து விடிந்ததும் விடியாததுமாக அவ்வளவு தூரம் வந்து கேட்டில் கொடுத்துவிட்டு, தன் வேலைக்குத் திரும்பிப் போனானாம். இவன் நம்பர் இவளுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். அன்றிலிருந்துதான் காபி ஜன்னலுக்கு வருகிறது.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். பிளக் கருப்பு, அது மாறாது. பையன் நல்லவனாகத்தான் தெரிகிறான், ஆனால் அந்த அன்புராஜும் பூசணிக்காயோடு நல்லவனாகத்தான் வந்தான். கட்டிக்கொண்ட வண்டியைக் கவனிக்காதவன் கையில் நம் நந்தினியைக் கொடுத்துவிட்டு, நான் கண்ணை மூடினால் அவளை யார் பார்த்துக்கொள்வார்கள்? வழியில்லாமல் சாப்பிட்ட எறாத் தொக்கு கை நனைத்ததாகாது என்று நீ பெரிய மனுஷனாக நின்று சொல்ல வேண்டும். உன் வார்த்தைக்கு அவர்கள் வீட்டில் மதிப்பு இருக்கிறது. நீ சொன்னால் சண்டை இல்லாமல் முடியும்.

நீயும் நர்மதாவும் நோய் நொடி இல்லாமல், பேரன் பேத்திகளைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னைவிட இருபது வருஷம் அதிகமாக இருக்க வேண்டும். முழங்காலுக்கு நொச்சி இலை ஒத்தடம் கொடு. இப்படி ஒரு தம்பியை எனக்குக் கொடுத்த சாமிக்குத் தினமும் விளக்கேற்றுகிறேன்.

இப்படிக்கு,
உன் நல்லதையே நினைக்கும் அக்கா,
ஈஸ்வரி.

பின்குறிப்பு: கவரை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்கப் போனேன், வாசலில் பைக் சத்தம். பார்த்திபன். சந்திரகலாவின் டிபன் டப்பாவில் ரத்னா அன்றைக்குக் கேசரி கட்டிக்கொண்டு போயிருந்தாளாம், அதைத் திருப்பிக் கொடுக்க வந்தான். புகை இல்லை. சத்தம் வேறு. வண்டியே வேறு. நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவன் தடுக்கவில்லை. "சூடா கீது ஆயா, கொஞ்சம் ஆறட்டும்" என்று எனக்கு ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டான். ஆறின பிறகு கழற்றினேன். துளசிராமா, அந்த மூன்றாவது பையனுடையது தங்கம் என்று எழுதினேனே, அதை அடித்துவிடு. இது தங்கம். ஓரம் முழுக்க ஒரே சீராக, இளம்பழுப்பு, சுரண்டினால் நகத்தில் ஒன்றும் வரவில்லை. "இது யாரு வண்டி?" என்றேன். "என்துதான் ஆயா. அஞ்சு வருஷமாச்சி." "அப்போ அன்னிக்கு வந்தது?" அவன் டிபன் டப்பாவின் மூடியைத் திறந்து மூடினான். உள்ளேயிருந்து எட்டிப்பார்த்த நந்தினி தலையை இழுத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் சீட்டு மேல் இருந்த அவன் போன் அடித்தது. கண்ணாடி போடாமலே படித்தேன், துளசி தாத்தா என்று இருந்தது. அவன் எடுப்பதற்குள் நானே பச்சையைத் தள்ளினேன். உன் குரல் தெருவுக்கே கேட்டது. "பார்த்தி, அன்னிக்கு என் வண்டில தான் வந்தன்னு எங்க அக்காகிட்ட சொல்லிடலியே? நேத்துல இருந்து வண்டி ஸ்டார்ட்டே ஆவல நைனா, அந்தக் கெழவி பிளக்க இன்னா பண்ணி வெச்சிச்சி?" போனை வைத்துவிட்டேன். கிழவி ஒன்றும் பண்ணவில்லை, ரிங் போன இன்ஜினில் எந்தப் பிளக் போட்டாலும் மூன்று நாளில் எண்ணெய் குடித்துவிடும்.

அப்புறம்தான் நந்தினி சொன்னாள், நாலு நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து. திங்கட்கிழமை கேட்டில் அவன் வேறு வண்டியில் வந்து நின்றதைப் பார்த்துக் கேட்டு வாங்கினாளாம். உன்னைக் கூட்டிக்கொண்டு வரத்தான் அவன் திருநின்றவூருக்கு வந்தான். உன் தெருவில் டயர் கிழிந்தது. நல்ல நேரம் தவறக் கூடாது என்று உன் வண்டியைக் கொடுத்தாய். கொடுத்துவிட்டு, என்துன்னு அக்காவிடம் சொல்லிடாதே என்று அவனிடமும் போன் போட்டு ரத்னாவிடமும் சத்தியம் வாங்கினாய். கூட வந்தால் மாட்டிக்கொள்வாய், அதனால் முழங்கால் வலி. அத்தனை பேர் நடுவில் நான் அவனைத் திட்டினேன், அவன் தலைகுனிந்து நின்றான், உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சத்தியம் என்றால் அவனுக்கு அவ்வளவு. உனக்கு? மூன்று வருஷத்துக்கு முன்னால் மாசி மாதம், வேப்பம்பட்டு வளைவில் விழுந்து கை ஒடிந்து கட்டுப் பிரித்த ஏழாம் நாள், பெரியபாளையத்தம்மன் சந்நிதியில் கற்பூரத்தின் மேல் கையை வைத்து "இனிமே பைக்கத் தொட மாட்டேங்க்கா" என்றாய். வெள்ளைச் சட்டை போட்டிருந்தாய், இரண்டாவது பொத்தான் இல்லை. பழைய வண்டியை என் கண் முன்னால் விற்றுவிட்டு, எனக்குத் தெரியாமல் இன்னொன்று வாங்கியிருக்கிறாய், அதுவும் ரிங் போனதாகப் பார்த்து.

ஆகையால் மேலே நான் சொன்னபடி எதையும் செய்துவிடாதே. கை நனைத்தது நனைத்ததுதான். கார்த்திகையில் முதல் முகூர்த்தம் குறித்தாயிற்று. இவ்வளவையும் மறுபடி எழுத எனக்குக் கை வலிக்கிறது, அதனால் பார்த்திபனைத் திட்டியிருக்கிற இடமெல்லாம் அவன் பெயரை அடித்துவிட்டு உன் பெயரை எழுதிப் படித்துக்கொள். கல்யாணத்துக்கு ரயிலில் வா. பெண்ணுக்குத் தாத்தா முறையில் முன்னால் நில், வயிறாரச் சாப்பிடு, நானே பரிமாறுகிறேன். ரத்னாவை மன்னித்துவிட்டேன். சசிகுமாரையும். அரிசிக்குள் ஸ்பேனரைப் போட்ட தணிகைவேலையும், நேரம் பார்த்துத் தொக்கைச் சூடு பண்ணின சந்திரகலாவையும், ஜன்னலில் காபி வைத்த நந்தினியையும் மன்னித்தாயிற்று. அன்புராஜுக்குக்கூடப் பத்திரிகை வைக்கலாம் என்று இருக்கிறேன். மன்னிக்க முடியாத ஆள் ஒருவன்தான் பாக்கி, அவன் பெயர் துளசிராமன்.